புனேயில் வேலை, கோவையில் முகவரி: மறைக்க வேண்டுமா?

கேள்வி: கோவை அரசூர் அருகே வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கிறேன். வருகிற செப்டம்பர் 20ஆம் தேதியுடன் இங்கே சேர்ந்து ஐந்து ஆண்டுகள் நிறைவடையும். வங்கி அதிகாரியான என் கணவருக்குப் புனேவுக்கு மாற்றல் வந்து, சென்ற மாதம் ஹடப்சர் கிளையில் சேர்ந்துவிட்டார். நானும் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனும் இங்கே இருக்கிறோம். புனே நிறுவனங்களுக்கு இருபதுக்கு மேல் விண்ணப்பித்தேன். ஓரிருவர் தொலைபேசியில் அழைத்தார்கள். கோவையில் இருக்கிறேன் என்றதும் ‘பார்த்துவிட்டுச் சொல்கிறோம்’ என்று வைத்துவிட்டார்கள். பயோடேட்டாவில் கணவரின் புனே முகவரியைப் போட்டுவிடு என்கிறான் தம்பி. வேலையை விட்டுவிட்டு அங்கே போய்த் தேடு, நேரில் இருந்தால்தான் கிடைக்கும் என்கிறார் மாமனார். எதைச் செய்வது? எனக்கு இந்தி புரியும், பேச வராது. நோட்டீஸ் காலம் இரண்டு மாதம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 21,000 ரூபாய். பயோடேட்டாவை இணைத்துள்ளேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு யோசனைகளுமே அக்கறையில் சொல்லப்பட்டவைதான். இரண்டையுமே இப்போதைக்கு ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து. கோவையிலும் புனேயிலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆலைகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவன் என்ற முறையில், மேசையின் எதிர்ப்பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தம்பியின் யோசனையில் உள்ள சிக்கல், அது பலித்துவிடும் என்பதுதான். நவுக்ரி போன்ற வேலைவாய்ப்புத் தளங்களில் ஆள் தேடும் எச்.ஆர். அலுவலர், தற்போதைய ஊர் என்ற இடத்தில் புனே என்று போட்டு வடிகட்டித்தான் பட்டியலை இறக்குகிறார். உங்கள் பெயர் அதில் வரும், அழைப்பும் வரும். ‘நாளைக் காலை பத்து மணிக்குச் சாக்கண் ஆலைக்கு வந்துவிடுங்கள்’ என்பார்கள். அப்போது என்ன சொல்வீர்கள்? புனேயில் நான் இருந்த நாட்களில் இப்படி ஒருவரைக் கூப்பிட்டேன். நாளை முடியாது, காய்ச்சல் என்றார். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டபோது பாட்டி தவறிவிட்டார் என்றார். இரண்டாவது அழைப்பின்போது பின்னணியில் ரயில் நிலைய அறிவிப்பு தமிழில் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தாலும், அவரைத் தேர்வுப் பட்டியலில் வைத்திருக்க முடியவில்லை. ஆலையில் அளவு சரியில்லாத உதிரிபாகத்தைச் சரி என்று எழுதாமல் இருப்பதற்காகத்தான் உங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள். அந்த வேலைக்கு விண்ணப்பிக்கும் தாளிலேயே ஊரை மாற்றி எழுதியிருந்தால், பின்னணிச் சரிபார்ப்பில் அது வெளிப்படும் நாளில் உங்களுக்காகப் பேச யாரும் இருக்க மாட்டார்கள்.

கோவை என்றதும் அவர்கள் பின்வாங்குவதற்குத் தூரம் மட்டும் காரணமில்லை. வெளிமாநிலத்திலிருந்து விண்ணப்பிப்பவர் உண்மையிலேயே வருவாரா என்பது தெரியாததே பெரிய காரணம். ஆஃபர் லெட்டரை வாங்கி, அதை இப்போதைய முதலாளியிடம் காட்டிச் சம்பளத்தை உயர்த்திக்கொண்டு அங்கேயே இருந்துவிடுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வெளியூர்க்காரரிடம் அந்த ஐயம் இரட்டிப்பாகிறது. வந்தாலும் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, குழந்தைக்குப் பள்ளி சரியில்லை என்று நான்கு மாதத்தில் திரும்பிவிடுவாரோ என்பது அடுத்த பயம். வீடு மாறும் செலவைக் கேட்பாரோ என்பது அதற்கும் அடுத்தது. இந்தப் பயங்களுக்கு உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது. ஆனால், கணவர் அங்கே பணியில் சேர்ந்துவிட்ட செய்தியை, நீங்கள் எனக்கு அனுப்பிய பயோடேட்டாவில் எங்குமே காணவில்லை. முதல் பக்கத்தின் உச்சியில் கோவை முகவரி இருக்கிறது. ‘எங்கும் பணியாற்றத் தயார்’ என்ற வரி இரண்டாம் பக்கக் கடைசியில் இருக்கிறது. எல்லோரும் எழுதும் அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

பெயருக்கும் தொலைபேசி எண்ணுக்கும் அடுத்த வரியாக இப்படிப் போடுங்கள்: ‘தற்போது கோயம்புத்தூர். கணவர் புனேயில் பணியில் உள்ளார். குடும்பம் செப்டம்பர் இறுதியில் புனேயில் குடியேறுகிறது. அக்டோபர் முதல் வாரத்தில் பணியில் சேர இயலும்.’ இதையே ஆங்கிலத்தில் இரண்டு வரிக்குள் அடக்கிவிடலாம். நவுக்ரியில் தற்போதைய ஊர் கோவையாகவே இருக்கட்டும். விரும்பும் ஊர் என்ற இடத்தில் புனேயை மட்டும் வையுங்கள். பெங்களூரு, சென்னை, ஐதராபாத் என்று நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் மற்ற ஊர்களை எடுத்துவிடுங்கள். ஐந்து ஊர்களை விரும்புகிறவர் எந்த ஊருக்கும் உறுதியாக வரப்போவதில்லை என்றுதான் எதிரே இருப்பவர் எண்ணுவார்.

தொலைபேசியிலும் இதே வரிசைதான். ‘இப்போது எங்கே இருக்கிறீர்கள்?’ என்று கேட்டால் ‘கோவையில்’ என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய அந்த நொடியில்தான் உரையாடல் முடிந்துபோகிறது. ‘என் கணவர் ஹடப்சரில் இருக்கிறார், நான் செப்டம்பரில் அங்கே வந்துவிடுகிறேன், இப்போது கோவையிலிருந்து பேசுகிறேன்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

இந்தப் பதில் இன்னொரு கேள்வியைக் கொண்டுவரும். வங்கி அதிகாரி என்றால் மூன்று நான்கு வருடத்தில் அவருக்கு மறுபடி மாற்றல் வருமே, அப்போது நீங்களும் போய்விடுவீர்களே என்று கேட்பார்கள். பத்து வருடம் இருப்பேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். கேட்பவரும் அதை நம்பப்போவதில்லை. கணவருக்கு இங்கே எதிர்பார்க்கப்படும் பணிக்காலம் இவ்வளவு, அதுவரை நானும் இங்கேதான் என்று உள்ளதைச் சொன்னால் போதும். தரக்கட்டுப்பாட்டில் ஒருவர் மூன்று ஆண்டுகள் ஒரே இடத்தில் நிலைப்பதை எந்த ஆலையும் குறைவாக நினைப்பதில்லை.

இனி மாமனாரின் யோசனைக்கு வருவோம். நேரில் இருந்தால் வேலை கிடைப்பது சற்று எளிது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு தேதி, வேலையை உடனே விடக்கூடாது என்று சொல்கிறது. செப்டம்பர் 20 வந்தால் உங்களுக்கு ஐந்து ஆண்டுகள் நிறைவடைகின்றன. பணிக்கொடை (கிராஜுவிட்டி) பெறுவதற்குச் சட்டம் கேட்கும் தொடர்ச்சியான பணிக்காலமும் ஐந்து ஆண்டுகள்தான். கடைசியாக வாங்கும் அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதை ஆண்டுகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். நீங்கள் குறிப்பிட்டுள்ள 21,000 ரூபாய்க்கு இது 60,500 ரூபாய்க்குச் சற்று மேலே வருகிறது. புனேயில் வீட்டு முன்பணத்துக்கும் சாமான் ஏற்றும் லாரிக்கும் கையில் இருக்க வேண்டிய தொகை இது. நான்கு ஆண்டுகளும் 240 நாட்களும் ஆனாலே போதும் என்று நீதிமன்றத் தீர்ப்புகள் உள்ளன. அதை நம்பி முன்னதாகவே விலகியவர்களும் உண்டு. ஆனால் நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், புனேயில் இருந்துகொண்டு கோவைத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். சில வாரங்கள் பொறுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

உங்கள் நோட்டீஸ் காலம் இரண்டு மாதம். ஆகவே ஜூலை கடைசியில் விலகல் கடிதம் கொடுத்தால் செப்டம்பர் இறுதி வாரத்தில் விடுவிப்பார்கள். ஐந்து ஆண்டுகள் நிறைந்து ஒரு வாரமாவது கடந்திருக்கும். மகனின் காலாண்டுத் தேர்வும் அதற்குள் முடிந்துவிடும். பின்னோக்கிக் கணக்கிட்டால், நேர்காணல்கள் ஜூலை முதல் மூன்று வாரங்களுக்குள் நடந்தாக வேண்டும். அதற்கான விண்ணப்பங்கள் இந்த ஜூன் இரண்டாம் பாதியில் போயிருக்க வேண்டும். அக்டோபர் வரை யார் காத்திருப்பார்கள் என்று அஞ்ச வேண்டாம். நம் உற்பத்தித் துறையில் இரண்டு மூன்று மாத நோட்டீஸ் என்பது புனேக்காரர்களுக்கும் வழக்கமானதுதான். உள்ளூரிலிருந்து எடுத்தாலும் அவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்கத்தான் வேண்டும். உடனே சேருபவர் மட்டுமே வேண்டும் என்று போட்டிருக்கும் விளம்பரங்களை மட்டும் விட்டுவிடுங்கள். இருபது விண்ணப்பங்களில் பாதி அப்படிப்பட்டவையாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

எந்தப் பகுதிக்கு விண்ணப்பிப்பது என்பதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் புனேவுக்குப் போகும் நம்மூர்க்காரர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். புனேயின் வாகனத் தொழில் என்றால் பிம்ப்ரி-சிஞ்ச்வட், போசரி, சாக்கண், தளேகாவ் என்று நகரின் வடக்கிலும் வடமேற்கிலும் விரிந்து கிடக்கிறது. டாடா மோட்டார்ஸ் பிம்ப்ரியில் இருக்கிறது. பஜாஜ், மஹிந்திரா, ஃபோக்ஸ்வாகன், மெர்சிடிஸ் ஆலைகள் சாக்கணில் இருக்கின்றன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறிய, நடுத்தர ஆலைகள் அவற்றைச் சுற்றியே இருக்கின்றன. உங்கள் கணவரின் கிளையோ கிழக்குக் கோடியில் ஹடப்சரில். ஹடப்சரில் வீடு எடுத்துக்கொண்டு தினமும் சாக்கண் போய்வருவது, வரைபடத்தில் பார்க்கும்போது சிரமமாகத் தெரியாது. நாசிக் நெடுஞ்சாலையில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் லாரிகளுக்கு நடுவே ஒரு முறை நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அகில்யாநகர் செல்லும் சாலையில் சணஸ்வாடி, ஷிக்ராபூர், ரஞ்சன்காவ் என்று இன்னொரு தொழிற்பகுதி கிழக்குப் பக்கமாகவே இருக்கிறது. அங்கேயும் வாகன உதிரிபாக ஆலைகள் இருக்கின்றன. கராடி, வாகோலி போன்ற இடங்களில் வீடு பார்த்தால் கணவருக்கும் உங்களுக்கும் இடைப்பட்ட தூரமாக அமையும். அதனால் கணவரிடம் இப்போதைக்குத் தனி அறையிலோ நண்பர்களோடோ இருக்கச் சொல்லுங்கள். உங்கள் வேலை எந்தத் திசையில் என்று தெரியும்வரை குடும்பத்துக்கான வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். அங்கே வாடகை ஒப்பந்தத்தை ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ என்பார்கள். மகாராஷ்டிரத்தில் அதைப் பதிவு செய்வது கட்டாயம். இடையில் முறித்தால் முன்பணத்தில் கை வைப்பார்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். பிம்ப்ரி, போசரி, சாக்கண் வட்டாரத்தின் பல ஆலைகளில் வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமை அல்ல, வியாழக்கிழமை. உங்கள் கணவருக்கும் மகனுக்கும் ஞாயிறு. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத குடும்பங்களும் இருக்கின்றன. ஆறே மாதத்தில் இதனாலேயே வேலையை விட்ட ஒரு பெண் பொறியாளரையும் எனக்குத் தெரியும். நேர்காணலில் ஷிஃப்ட் நேரத்தைப் பற்றிக் கேட்கும்போதே வார விடுமுறையையும், ஆலைப் பேருந்து எந்தத் தடத்தில் வருகிறது என்பதையும் கேட்டுவிடுங்கள்.

முதல் சுற்றுகளை வீடியோவில் முடித்துக்கொள்ளலாம். தரக்கட்டுப்பாட்டுக்கு ஆள் எடுப்பவர்கள் கடைசிச் சுற்றில் ஆலைக்கு வரச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். உங்களுக்கும் அந்த ஆலையைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளும் எண்ணம் வேண்டாம். ஒவ்வொரு அழைப்புக்கும் ஓடினால் விடுப்பும் பணமும் கரைந்துவிடும். கோவையில் குர்லா எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள்தான் புனே. ஆகவே ஜூலையில் ஒரு வாரத்தைக் குறித்துக்கொண்டு, ‘நான் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை புனேயில் இருக்கிறேன்’ என்று பேச்சு முன்னேறியிருக்கும் எல்லா நிறுவனங்களுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். வெறும் ‘வரத் தயார்’ என்பதற்கு அசையாத எச்.ஆர்.கூடத் தேதியைக் கண்டால் அசைவார். இழுத்தடித்துக்கொண்டிருக்கும் மேலாளரிடம் போய் ‘அந்தப் பெண் புதன்கிழமை இங்கே இருக்கிறார், பார்த்துவிடுகிறீர்களா?’ என்று கேட்க அவருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. பயணச் செலவைத் தருவார்களா என்று முன்கூட்டியே ஒரு வரி கேட்பதில் தவறில்லை. தரவில்லை என்றால் வாதாட வேண்டாம்.

கணவர் அங்கே இருப்பது இன்னொரு வகையிலும் உதவும். பெயர் கேள்விப்படாத ஆலையிலிருந்து ஆஃபர் வந்தால், அவருக்கு விடுமுறையான இரண்டாவது அல்லது நான்காவது சனிக்கிழமையில் அந்த ஆலை வாசல் வரை போய்வரச் சொல்லுங்கள். பலகை இருக்கிறதா, வேலைக்கு ஆட்கள் போய்வருகிறார்களா, வாசலில் லாரி நிற்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். நேர்காணலுக்கோ ஆஃபருக்கோ பயிற்சிக்கோ, திருப்பித் தருவோம் என்று சொல்லிப் பணம் கேட்டால், அது எவ்வளவு சிறிய தொகையானாலும் அந்தப் பேச்சை அத்துடன் முடித்துவிடுங்கள். தொலைவில் இருப்பவர்களைத்தான் இந்த ஏமாற்றுக்காரர்கள் குறிவைக்கிறார்கள்.

இந்தியைப் பற்றி நீங்கள் தேவைக்கு மேல் கவலைப்படுகிறீர்கள். நேர்காணல் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆலைக்குள் மராத்தியும் இந்தியும் கலந்து ஓடும். ஆனால் ரிஜெக்‌ஷன், ரீவொர்க், கேஜ், டாலரன்ஸ் என்ற சொற்கள் எந்த மொழியிலும் அப்படியேதான் இருக்கின்றன; மீதமிருப்பது ‘இதை நிறுத்து’, ‘மறுபடி அளந்து காட்டு’, ‘எப்போதிலிருந்து இப்படி வருகிறது?’ போன்ற ஐம்பது அறுபது வாக்கியங்கள். கைப்பேசிச் செயலியில் ஆப்பிள், மாம்பழம் என்று தொடங்குவதைவிட, உங்கள் ஆலையின் வார்ப்புப் பிரிவுக்குப் போங்கள். கோவை வார்ப்பாலைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் இல்லாத இடம் எது? அவர்களிடம் மேஸ்திரி வழியாகப் பேசுவதை நாளை முதல் நிறுத்திவிட்டு, தப்பும் தவறுமாக நீங்களே பேசுங்கள். நான்கு மாதம் தாராளமாகப் போதும். நேர்காணலில் கேட்டால், புரியும், பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள். மகனுக்கு மட்டும் மராத்தி தேவைப்படும். 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மகாராஷ்டிரப் பள்ளிகளில் அது கட்டாயப் பாடம்.

சம்பளப் பேச்சில் எச்சரிக்கையாக இருங்கள். கணவர் எப்படியும் இங்கேதான் இருக்கிறார், இவர் வந்துதானே ஆக வேண்டும் என்று குறைத்துக் கேட்டுப் பார்ப்பார்கள். அவர்கள் சொல்லும் ஆண்டுத் தொகையில், நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடைக்கு ஒதுக்குவதும் அடங்கியிருக்கும். சில இடங்களில் பேருந்தும் உணவும்கூட. ஆகவே மாதம் கையில் வருவது எவ்வளவு என்ற ஒரே எண்ணைக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். கோவையில் மாமனார் வீட்டில் வாடகை இல்லாமல் இருக்கிறீர்கள், மகனைப் பார்த்துக்கொள்ள மாமியார் இருக்கிறார். அங்கே வாடகையும், பள்ளி விட்டபின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவும் புதிதாக வரும். வங்கி கணவருக்கு வீட்டு வசதி தருகிறதா என்பதை முதலில் விசாரித்துக்கொண்டு, இந்த மூன்றையும் எழுதிப் பார்த்தபின் உங்கள் எண்ணை முடிவு செய்யுங்கள். சம்பள ரசீதில் மாதாமாதம் தொழில் வரி என்று 200 ரூபாய் பிடித்திருந்தால் திடுக்கிட வேண்டாம். நம்மூரில் உள்ளாட்சி அமைப்பு அரையாண்டுக்கு ஒரு முறை வாங்குவதை அங்கே மாநில அரசு மாதந்தோறும் வாங்குகிறது.

உள்ளூர்க்காரர்களுக்கே வேலை என்ற சட்டம் தடுக்குமா என்ற ஐயம் வேண்டாம். ஹரியானா 30,000 ரூபாய்க்குக் குறைவான சம்பளமுள்ள தனியார் வேலைகளில் 75 விழுக்காட்டை ஒதுக்கிச் சட்டம் போட்டது. 2023 நவம்பரில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. புனேயில், உங்கள் நிலையில் உள்ள பொறியாளர் வேலைக்கு வெளிமாநிலத்தவர் என்பது சட்டப்படி ஒரு தடையாக எனக்குத் தெரிந்து இருந்ததில்லை.

விலகல் கடிதத்தை, கையெழுத்திட்ட ஆஃபர் லெட்டர் கைக்கு வந்து, அதில் பதவி, சம்பளம், சேரும் தேதி, பணியிடம் ஆகிய நான்கும் சரியாக இருப்பதைப் பார்த்தபின் மட்டுமே கொடுங்கள். ‘புனே’ என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. எந்த ஆலை என்று எழுதி வாங்குங்கள். ஜூலை இறுதிக்குள் எதுவும் அமையவில்லை என்றால் ஒரு மாதம் தள்ளிப்போடலாம். அக்டோபர் கடந்தும் அமையாவிட்டால், அப்போது மாமனார் சொன்னபடி போய்த் தேடுவதை நானே ஆதரிப்பேன், ஏனெனில் அதற்குள் பணிக்கொடை உங்கள் உரிமையாகியிருக்கும். வருங்கால வைப்பு நிதியை எடுத்துவிடாதீர்கள். வேலை மாறினாலும் அந்த நிதிக்கான உங்கள் நிரந்தர எண்ணான யு.ஏ.என். அதேதான். புதிய நிறுவனத்தில் சேர்ந்தபின் பழைய கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். அதன் ஓய்வூதியத் திட்டத்திலும் நீங்கள் உறுப்பினராக இருந்தால், ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்தாண்டுக் கணக்கில் இந்த ஐந்தும் சேரும்.

விடுபடும் நாளுக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. உள் தணிக்கையாளர் பயிற்சி, அளவீட்டுக் கருவிப் பயிற்சி என்று நிறுவனம் உங்களை அனுப்பிய பயிற்சிகளின் சான்றிதழ்களை, வாடிக்கையாளர் தணிக்கைக்கு வருகிறார் என்று சொல்லி எச்.ஆர். கோப்பிலேயே வைத்திருப்பார்கள். புனேயில் தணிக்கையாளர் தகுதிக்கு ஆதாரம் கேட்கும்போது அவைதான் வேண்டும். விலகல் கடிதம் கொடுத்தபின் அந்தக் கோப்பு எளிதில் திறக்காது. இந்த வாரமே, கடிதத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதற்கு முன், எச்.ஆரிடம் கேட்டு உங்கள் பெயரில் உள்ள சான்றிதழ்களின் அசலையோ, அசல் தர மறுத்தால் கையொப்பமும் முத்திரையும் இட்ட நகலையோ வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.